சின்னஞ்சிறு கேபினுக்குச் செங்கல் சுவர்

கொலுப்படிக்குக் கீழே பூங்கா அமைத்து, அதைச் சுற்றிப் பொம்மை ரயில் ஓடவிடும் வழக்கம் தில்லி, மும்பை, கொல்கத்தா என்று நம்மவர் குடியேறிய ஊர்களிலெல்லாம் இருக்கிறது. ரயில் கடையில் வாங்கியது. அது அசலைப் போலவே இருக்கும். பக்கத்தில் நிற்கும் ஸ்டேஷன் கட்டடம்தான் காலை வாரிவிடும். அட்டைப் பெட்டிக்குப் பளிச்சென்று சிவப்புப் பெயிண்ட், அதன்மேல் தூரிகையால் வெள்ளைக் கோடுகள். குழந்தை கூட அதைச் செங்கல் சுவர் என்று நம்பாது. ஏன் நம்ப முடியவில்லை, நம்பும்படி செய்வது எப்படி என்பதைச் சற்று விவரமாகப் பார்ப்போம். இதற்கு விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். கணக்கும் பொறுமையும் வேண்டும்.

முதலில் கணக்கு. மாதிரி ரயில்களில் உலகெங்கும் மிகுதியாகப் புழங்குவது எச்.ஓ. என்னும் அளவு. அதில் 87 மி.மீ. என்பது 1 மி.மீ. ஆகச் சுருங்கும். நம் வெள்ளைக் கோடு 1 மி.மீ. தடிமன் என்றால், அசல் கட்டடத்தில் அது 87 மி.மீ. சாந்து, அதாவது ஏறக்குறைய மூன்றரை அங்குலம். எந்தக் கொத்தனாரும் இரண்டு கல்லுக்கு நடுவே மூன்றரை அங்குலக் கலவை போடமாட்டார். அசலில் சாந்தின் தடிமன் 10 மி.மீ. அளவில் இருக்கும். சுருக்கினால் 0.11 மி.மீ., கிட்டத்தட்ட ஒரு தலைமயிரின் பருமன். ஆக, நாம் போடும் கோடு எட்டு ஒன்பது மடங்கு தடித்தது. கண்ணுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் தப்பு தெரிந்துவிடுகிறது.

இப்போது செங்கல். நம் நாட்டில் பழைய ரயில்வே கட்டடங்களில் காணும் கல் 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்ற கணக்கை ஒட்டியது. ஊருக்கு ஊர் கால், அரை அங்குலம் வேறுபடும். கல்லின் உயரம் 76 மி.மீ., மேலே சாந்து 10 அல்லது 11 மி.மீ., ஆக மொத்தம் 87 மி.மீ. இதை 87ஆல் வகுத்தால் சரியாக 1 மி.மீ. வருகிறது. எச்.ஓ. அளவில் ஒரு வரிக் கல் என்றால் ஒரு மில்லிமீட்டர்! யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. தற்செயலாக அமைந்த வசதி. பிள்ளைகளின் கிராஃப் தாளிலேயே முழுக் கட்டடத்தையும் வரைந்துவிடலாம். கல்லின் நீளப் பக்கம் சாந்தோடு சேர்த்து 2.8 மி.மீ.; அகலப் பக்கம் அதில் பாதி, 1.4 மி.மீ. இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இங்கிலாந்துப் பொம்மை ரயில்கள் பெரும்பாலும் ஓ.ஓ. என்னும் 1:76 அளவில் இருக்கும். அதற்கு ஒரு வரி 1.15 மி.மீ. என்று கொள்ளவும். என் அளவு என்னும் 1:160இல் வரி அரை மில்லிமீட்டர்தான். அதைக் கையால் கீறிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதைவிட அச்சடித்த தாளை ஒட்டிவிடுவது புத்திசாலித்தனம். இன்னொன்று: எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. இது வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜுக்கான கணக்கு. நம் பிராட் கேஜ் 1676 மி.மீ.; 1:87இல் அது 19 மி.மீ.க்கு மேல் வரவேண்டும். ஆகவே கடைத் தண்டவாளத்தின் மேல் நம் ரயில் கொஞ்சம் ஒடுங்கித்தான் ஓடும். அதை மன்னித்துவிடலாம். சுவரை மன்னிக்க வேண்டியதில்லை, அது நம் கையில் இருக்கிறது.

எதைக் கட்டுவது?

ஸ்டேஷன் கட்டடத்தையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பெரிது, முடிப்பதற்குள் ஆர்வம் வற்றிவிடும். நான் சொல்வது சிக்னல் கேபின். ஜி.டி. எக்ஸ்பிரஸில் தில்லியிலிருந்து சென்னைக்குப் பயணம் செய்து வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஸ்டேஷனுக்கு இரு கோடியிலும் இரண்டடுக்குக் கட்டடம், மேலே சுற்றிலும் கண்ணாடி ஜன்னல், பக்கத்தில் வெளிப் படிக்கட்டு, ஜன்னலில் பச்சைக் கொடியுடன் ஓர் ஆள். மேல்மாடியில் வரிசையாக லீவர்கள். ஒரு லீவரை இழுத்தால் கீழ்த்தளத்தின் வழியே இறங்கும் கம்பி தொலைவிலுள்ள சிக்னலின் கையை இறக்கும். இன்னொன்றை இழுத்தால் இரும்புத் தடி நகர்ந்து பாயின்ட்டை மாற்றும். ஒன்றுக்கொன்று முரணான லீவர்களைச் சேர்த்து இழுக்க முடியாதபடி பூட்டும் ஏற்பாட்டுக்குத்தான் இன்டர்லாக்கிங் என்று பெயர். இத்தனை இரும்பையும் தாங்குவதால் கீழ்த்தளம் கனத்த செங்கல் கட்டு. மேலே பார்வை மறைக்கக் கூடாது என்பதால் முக்கால்வாசி மரமும் கண்ணாடியும்.

பேனலில் பொத்தான் அழுத்தும் முறை வந்து, பிறகு எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் வந்த பின், லீவர் கேபின்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. வேலை இல்லாத கட்டடத்துக்கு ரயில்வேயில் ஆயுள் குறைவு. இடித்து இடத்தைக் காலி செய்வார்கள். செய்ய வேண்டியதும்தான், பாழடைந்த மாடி பாதைக்கருகில் நிற்பது ஆபத்து. ஆனால் இடிபட்ட பின் அளவெடுக்க முடியாது. பெரும்பாலான சிறு கேபின்களை யாரும் வரைந்தோ படமெடுத்தோ வைத்ததில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் ஒன்று நின்றால், அதிகாரிகளிடம் அனுமதி பெற்று, பாதையில் இறங்காமல் பிளாட்பாரத்திலிருந்தே நேராக ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேப் பிடித்து ஏற வேண்டிய தேவையே இல்லை. ஒரு கல்லின் அளவு தெரிந்தால் போதும். படத்தில் வரிகளை எண்ணினால் உயரம் வந்துவிடும், கல்லை எண்ணினால் நீளம் வந்துவிடும். செங்கல் சுவர் தன் மேலேயே ஸ்கேல் வரைந்துகொண்டு நிற்கிறது.

நம் கேபினின் கீழ்த்தளம் 20 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். எச்.ஓ.வில் அது 70 மி.மீ., 42 மி.மீ., 42 மி.மீ. நீளச் சுவரில் 25 கல், அகலச் சுவரில் 15 கல், உயரத்தில் 42 வரி. எல்லாம் முழுக் கல்லாக வருவதைக் கவனியுங்கள். அசலிலும் வடிவமைப்பவர் இதையே பார்ப்பார். அரைகுறை அளவு கொடுத்தால் கொத்தனார் கல்லை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கல்லின் கட்டு

மாதிரி செய்பவர்களில் பலர் தவறிப் போவது இங்கேதான். ஆகவே நின்று பார்க்கலாம்.

வெளியில் நீளப் பக்கம் தெரியும்படி கிடக்கும் கல்லை நெடுக்குக் கல் என்போம்; பாடப் புத்தகத்தில் ஸ்ட்ரெச்சர். சுவரின் தடிமனுக்குள் தலையை நீட்டிக்கொண்டு, வெளியில் சின்ன முகம் மட்டும் காட்டும் கல் குறுக்குக் கல்; அதாவது ஹெட்டர். ஒன்பது அங்குலச் சுவரில் உள்ளும் புறமும் நெடுக்குக் கற்களையே அடுக்கிக்கொண்டு போனால், அது ஒரு சுவர் அல்ல; ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு நாலரை அங்குலச் சுவர்கள். மேலே பாரம் ஏறினால் இரண்டும் பிரிந்து உப்பும். இரண்டையும் தைப்பதுதான் குறுக்குக் கல். ஒரு வரி முழுக்க நெடுக்கு, அடுத்த வரி முழுக்கக் குறுக்கு, இப்படி மாறி மாறி வருவதற்கு இங்கிலீஷ் பாண்ட் என்று பெயர். பாரம் தாங்கும் ரயில்வே கட்டடங்களில் இதுதான் அதிகம். ஒவ்வொரு வரியிலும் ஒரு நெடுக்கு ஒரு குறுக்கு என்று வந்தால் ஃபிளெமிஷ் பாண்ட். பார்வைக்கு அழகு, பலம் கொஞ்சம் குறைவு.

வெறும் நெடுக்குக் கல் மட்டும் தெரியும் சுவரை இக்காலக் கட்டடங்களில் காண்கிறோம். அவை கான்கிரீட் தூண்களுக்கு நடுவே அடைப்பாக நிற்கும் நாலரை அங்குலச் சுவர்கள். தங்கள் எடையைத் தவிர வேறெதையும் தாங்குவதில்லை. கடையில் கிடைக்கும் செங்கல் தாள்கள் பலவற்றில் இந்த அமைப்பே அச்சாகியிருக்கிறது. அதைப் பழைய கேபினுக்கு ஒட்டினால், வண்ணம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், நூறு வருடக் கட்டடம் என்ற எண்ணமே வராது. அந்தச் சுவரால் அத்தனை லீவரையும் தாங்க முடியாது.

இனி மூட்டுகள். வீட்டில் கோலம் போடுபவர்களுக்கு நேர்ப்புள்ளியும் ஊடுபுள்ளியும் தெரியும். செங்கல் சுவரின் நிற்கும் மூட்டுகள் எப்போதும் ஊடுபுள்ளி. ஒரு வரியின் மூட்டுக்கு நேர் மேலே அடுத்த வரியின் மூட்டு வந்தால் அங்கே விரிசல் பிறக்கும். இங்கிலீஷ் பாண்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூலையிலிருந்து நெடுக்கு வரி தொடங்கினால் முதல் மூட்டு 2.8 மி.மீ.இல். அடுத்த வரியில் குறுக்குக் கற்கள் 1.4, 2.8 என்று போகும். மூட்டுமேல் மூட்டு, நேர்ப்புள்ளி ஆகிவிட்டது! இதைத் தவிர்க்க, குறுக்கு வரியில் மூலைக் கல்லுக்கு அடுத்து நெடுக்கில் பிளந்த ஒரு ஒல்லிக் கல்லை வைப்பார்கள். அதன் பெயர் குவீன் க்ளோசர். நம் அளவில் 0.7 மி.மீ. இப்போது மூட்டுகள் 1.4, 2.1, 3.5, 4.9 என்று விழும். நெடுக்கு மூட்டான 2.8, அதன் மேலுள்ள குறுக்குக் கல்லின் நடுவில் வந்துவிடுகிறது. 70 மி.மீ. சுவரில் ஒரு குறுக்கு வரிக்கு 49 குறுக்குக் கல்லும் இரண்டு க்ளோசரும் கணக்கு. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

மூலையைத் திரும்பும்போது இன்னொரு விதி. முன்சுவரில் குறுக்காகத் தெரியும் மூலைக் கல்லின் நீளப் பக்கம், பக்கத்துச் சுவரில் நெடுக்காகத் தெரிய வேண்டும், ஒரே கல்தானே! ஆகவே முன்சுவரில் குறுக்கு வரி என்றால், அதே மட்டத்தில் பக்கச் சுவரில் நெடுக்கு வரி. நான்கு சுவரையும் ஒரே மாதிரி கீறி ஒட்டினால் மூலைதோறும் கல் இல்லாத கல் நிற்கும். தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

கீறும் வேலை

ஸ்டேஷனரிக் கடைகளில் சன்போர்டு என்று கேட்டால் பி.வி.சி. நுரைப் பலகை கொடுப்பார்கள். 3 மி.மீ. தடிமன் வாங்குங்கள். ஒன்பது அங்குலச் சுவர், உட்பூச்சோடு சேர்ந்து, எச்.ஓ.வில் ஏறக்குறைய அந்தத் தடிமன்தான் வரும். இது அற்ப விஷயமல்ல. ஜன்னல் சட்டத்தை வெளிமுகத்தோடு ஒட்டாமல் அரைக்கல் ஆழம், அதாவது 1.3 மி.மீ. உள்ளே தள்ளி வைத்தால், விழும் நிழலிலேயே சுவருக்குக் கனம் வந்துவிடும். அட்டையில் செய்த வீடுகள் அட்டையாகவே தெரிவதற்கு இந்த ஆழம் இல்லாததே பாதிக் காரணம்.

பலகையின் பளபளப்புப் போக நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளவும். கத்தியால் கோடு போடக் கூடாது. கத்தி பிளக்கும், பிளந்த ஓரம் மேலே எழும்பி நிற்கும். தையல் மெஷின் ஊசியை ஒரு பிடியில் செருகி, முனையை உப்புத்தாளில் கொஞ்சம் மழுக்கிக்கொண்டால் அது அழுத்தும், கிழிக்காது. இரண்டு ஓரங்களிலும் மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஊசிக் குத்து வைத்து, எஃகு ஸ்கேலைப் பொருத்தி, ஒருமுறை மெதுவாகவும் மறுமுறை சற்று அழுத்தியும் இழுக்க வேண்டும். கோடு 0.2 மி.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அசலில் அது 17 மி.மீ.; பழைய சுண்ணாம்புக் கட்டில் அந்த அளவு சாந்து காணக்கூடியதே.

நிற்கும் மூட்டுக்கு ஊசி வேண்டாம். கடிகாரம் பழுது பார்ப்பவர் வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூடிரைவரின் முனையை அரத்தால் ராவி, வாய் 0.9 மி.மீ. அகலமும் கூர்மையும் உள்ளதாக்கினால், ஒரு அழுத்தில் ஒரு மூட்டு விழும். நீளச் சுவரில் 21 நெடுக்கு வரி, 21 குறுக்கு வரி; ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட கற்கள். நிமிடத்துக்கு இருபது அழுத்தினால் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கேட்க மலைப்பாக இருக்கும். மாலையில் ஒரு கச்சேரி ஒலிநாடாவோ வானொலியோ ஓடிக்கொண்டிருந்தால் சுவர் முடிந்ததே தெரியாது. கோணல் மாணலாக ஒன்றிரண்டு விழுந்தால் விட்டுவிடுங்கள். கொத்தனாரும் நூல் பிடித்துத்தான் கட்டுகிறார், ஆனாலும் கை கைதான். முடிந்ததும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தூசி போகத் தேய்க்கவும்.

ஆனால் கோடு இழுப்பதற்கு முன்பே ஜன்னல் திறப்பையும் வளைவையும் முடித்திருக்க வேண்டும். பின்சுவரில் இரண்டு ஜன்னல் வைப்போம், ஒவ்வொன்றும் 4 அடி அகலம், நம் அளவில் 14 மி.மீ. மூன்று சுவர்த் துண்டுகளுக்கும் 14 மி.மீ. விட்டால் 70 மி.மீ. பங்கீடு கச்சிதமாக முடிகிறது. 14 மி.மீ. என்பது ஐந்து நெடுக்குக் கல் அல்லது பத்துக் குறுக்குக் கல் என்பதால் கட்டும் கெடாது. திறப்பின் ஓரமும் ஒரு மூலைதான். அங்கேயும் க்ளோசர் வேண்டும். 12ஆம் வரியின் தலையில் ஜன்னல் அடியும் 28ஆம் வரியின் தலையில் வளைவின் தொடக்கமும் இருக்கட்டும்.

வளைவு என்பது அரைவட்டமல்ல. வட்டத்தின் ஒரு சிறு வில். அகலம் 14 மி.மீ., நடு எழுச்சி 1.75 மி.மீ., அதாவது அசலில் 6 அங்குலம். வட்டத்தின் ஆரம் காண, அகலத்தின் வர்க்கத்தை எழுச்சியின் எட்டு மடங்கால் வகுத்து, எழுச்சியில் பாதியைக் கூட்ட வேண்டும். 196ஐ 14ஆல் வகுத்தால் 14, அதோடு 0.9 கூட்ட, ஏறக்குறைய 15 மி.மீ. ஜன்னலின் நடுக்கோட்டில், வளைவின் உச்சியிலிருந்து 15 மி.மீ. கீழே ஒரு புள்ளி வையுங்கள். வளைவுக் கற்களின் மூட்டுகள் அத்தனையும் அந்த ஒரு புள்ளியைப் பார்த்து நிற்க வேண்டும். கல் கீழே விழாமலிருப்பதே அதனால்தான். மேலிருந்து வரும் பாரம் ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு இறுக்குகிறது. மூட்டுகளை நெட்டுக்குத்தாக வரைந்தால், அசலில் அந்த வளைவு சாரம் பிரித்த அன்றே இறங்கிவிடும்.

சாதாரண ரயில்வே வேலையில் வளைவுக் கல்லை ஆப்பு வடிவில் செதுக்குவதில்லை. கல் கல்லாகவே இருக்கும், சாந்துதான் ஆப்பாக இருக்கும். அரைக்கல் உயரத்தில் இரண்டு வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்று. உள்வளையத்தில் 15 கல், வெளிவளையத்தில் 17 கல் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒற்றைப்படை எண் என்றால் உச்சியில் ஒரு கல் நடுவில் அமரும். இரண்டு வளையத்தின் மூட்டுகளும் ஒன்றுக்கொன்று நேராக வராது, வரவும் கூடாது.

பாதைப் பக்கச் சுவரில், தரை மட்டத்தில், கம்பிகளும் தடிகளும் வெளியேற நீளமான திறப்பு உண்டு. அதற்கு மேல் வளைவு இருக்காது. கழித்த தண்டவாளத் துண்டுகளையே உத்தரமாகப் போட்டிருப்பார்கள். ரயில்வேக்கு அதைவிட மலிவான உத்தரம் எங்கே கிடைக்கும்? பழைய மாதிரித் தண்டவாளம் ஒரு துண்டு இருந்தால் அப்படியே வைத்துவிடலாம்.

மூலைகளை 45 டிகிரி சாய்வாகச் சீவி ஒட்டுவது முக்கியம். அப்படியே முட்டவைத்தால் பலகையின் வெட்டுமுகம் கல் இல்லாத 3 மி.மீ. பட்டையாகத் தெரியும். பி.வி.சி.க்குத் தச்சுப் பசை பிடிக்காது. ரப்பர் பசையோ உடனடிப் பசையோ வேண்டும். ஒட்டிக் காய்ந்த பின் வரிக் கோடுகள் மூலையைச் சுற்றித் தொடர்கின்றனவா என்று பார்த்து, விட்டுப்போன இடத்தில் ஊசியால் இணைத்துவிடுங்கள். மேல்தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய மரச் சட்டமும் பிளாஸ்டிக் தகடும் போதும்.

நிறம்

செங்கல் சிவப்பு அல்ல. இதை ஒப்புக்கொள்வதில்தான் எல்லாமே இருக்கிறது. களிமண்ணிலுள்ள இரும்பு, சூளையில் காற்றோட்டத்தோடு வெந்தால் சிவக்கிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் வெளிறி மஞ்சளாகிறது. காற்றுக் குறைந்தால் கறுக்கிறது. ஒரே சூளையில் நெருப்புக்கு அருகிலிருந்த கல் கருநீலமாக உருகியும், ஓரத்திலிருந்தது ஆரஞ்சாக வேகாமலும் வரும். வடக்கே அதிகம் வெந்ததை ஜாமா என்றும், சரியாக வேகாததைப் பீலா என்றும் சொல்வார்கள். பீலாவை மேஸ்திரி ஒதுக்கிவிட வேண்டும். ஆனாலும் சுவருக்குச் சுவர் நாலைந்து ஏறித்தான் இருக்கும்.

அக்ரிலிக் வண்ணத்தில் பர்ன்ட் சியன்னாவோடு கொஞ்சம் யெல்லோ ஆக்கரும் வெள்ளையும் கலந்து, முழுச் சுவருக்கும் பளபளப்பில்லாத ஒரே பூச்சு. காய்ந்த பின், பிள்ளைகளின் கலர் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு, காவி, கரும்பழுப்பு, சாம்பல் கலந்த ஊதா. பென்சிலைப் படுக்கவைத்து, பத்துக் கல்லுக்கு ஒன்றிரண்டு வீதம் தேய்க்க வேண்டும். முனை பள்ளத்தில் இறங்காது, கல்லின் முகத்தில் மட்டுமே பிடிக்கும். தூரிகையால் இந்தச் சுத்தம் வராது. கணக்காக இடைவெளி விட்டுப் போடாதீர்கள். ஒரு வண்டிக் கல் ஒரே சூளையிலிருந்து வந்திருக்கும், ஆகவே ஒரே நிறக் கற்கள் சில இடங்களில் கூட்டமாகவே இருக்கும்.

அடுத்து சாந்து. இதற்கு அக்ரிலிக் வேண்டாம், போஸ்டர் கலர் நல்லது; பிடிக்காவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். வெள்ளையில் கால் பங்கு ஆக்கரும் ஒரு பொட்டுக் கறுப்பும் சேர்த்து, மோர் போல் நீர்க்கக் கரைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் ஒரு சொட்டு விடவும். சுவரைப் படுக்கவைத்துத் தூரிகையால் தொட்டால் நீர் தானாகவே கோடுகளில் ஓடிப் பரவும். அரைகுறையாகக் காயும்போது, பிழிந்த துணியை விரலில் சுற்றி, குறுக்குச் சாய்வாக ஒரே தடவை துடைக்கவும். கோட்டின் போக்கிலேயே துடைத்தால் பள்ளத்தில் இருப்பதும் வந்துவிடும். பழைய கட்டடங்களின் சாந்து சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கற்பொடியும் சேர்ந்தது. அதற்கு இளஞ்சிவப்புச் சாயல் உண்டு. பின்னாளில் வெளிமூட்டுகளைச் சுரண்டி சிமென்ட் பாயின்டிங் செய்திருந்தால் சாம்பல் நிறம். தூய வெள்ளை என்பது சாந்தில் கிடையாது.

அப்படியானால் ஸ்டேஷன்களில் நாம் பார்த்த வெள்ளைக் கோடு? அது சாந்தல்ல, பெயிண்ட். செங்கல்லுக்குக் காவி அடித்து, மூட்டின் மேல் வெள்ளைக் கோடு இழுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பெரிய அதிகாரி வரும்போது பளிச்சென்று இருக்கும். கொலுக் கட்டடங்களுக்கு அந்தக் கோடு வந்த வழியும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்கு நீர் புகாத பூச்சும் கடினமான சிமென்டும் நல்லதல்ல என்பது என் கட்சி. உள்ளே ஏறிய ஈரம் மூட்டு வழியே வெளியேற வழியில்லாமல் கல் வழியே வெளியேறும். உப்புப் பூத்து, கல்லின் முகம் தோல் உரிவது போல் உதிரும்.

எவ்வளவு தூரம் இந்த விவரமெல்லாம் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை. மாதிரியை 60 செ.மீ. தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்றால், அசலை 52 மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம். நிஜமான செங்கல் சுவர் ஒன்றின் எதிரே ஐம்பது மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கோடு கோடாகத் தெரியாது. சிவப்பு முழுவதும் ஒரு வெளிறலோடு கலந்து தெரியும், அங்கங்கே கறுத்த கற்கள் மட்டும் தனித்து நிற்கும். மாதிரிச் சுவரிலும் அவ்வளவுதான் தெரிய வேண்டும். கூடுதலாகத் தெரிந்தால் பிழிந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள்.

கடைசியாக அழுக்கு. ஓவியச் சாக்கை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, உலர்ந்த தூரிகையால் தடவலாம். எங்கே, ஏன் என்று யோசித்துச் செய்ய வேண்டும். தில்லி, உத்தரப் பிரதேசப் பக்கத்துக் கட்டடம் என்றால் தரையிலிருந்து மூன்றடிக்கு உப்புப் பூத்த வெளிறல். மும்பை, வங்காளப் பக்கம் என்றால் உடைந்த மழைநீர்க் குழாயின் கீழே பாசி கறுத்த பட்டை. பாதைப் பக்கம் அடியில், பிரேக் கட்டையிலிருந்து பறக்கும் இரும்புத் தூளின் துருப் பழுப்பு. படிக்கட்டு மூலையில், இரண்டு மூன்றடி உயரத்தில், பான் எச்சில் கறை. இதை விட்டுவிட்டால் எந்த ஊர்க் கேபினும் நம்பும்படி இராது! எல்லா இடத்திலும் சமமாகத் தடவினால் அழுக்கு அல்ல, பூச்சு ஆகிவிடும்.

பழுது பார்த்த அடையாளம் ஒன்று வைக்கலாம். மூடிய ஜன்னலைப் பிற்காலத்து மாடுலர் செங்கல்லால் அடைத்திருந்தால், அந்தக் கல் 190 மி.மீ. நீளம், 90 மி.மீ. அகலம், 90 மி.மீ. உயரம். வரி 1 மி.மீ.க்குப் பதில் 1.15 மி.மீ. வரும், பக்கத்துச் சுவரின் வரிகளோடு ஒத்துப்போகாமல் தனியாகத் தெரியும்.

இப்போது லேசரால் கீறிய அட்டைகளும், முப்பரிமாண அச்சில் எடுத்த சுவர்களும் கிடைக்கின்றன. வாங்குவதில் தவறில்லை. வாங்குமுன் மூலையில் க்ளோசர் இருக்கிறதா, வளைவின் மூட்டுகள் ஒரே புள்ளியைப் பார்க்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். சுவரை நேரில் படிக்க விரும்புவோர் கொல்கத்தாவில் இருந்தால் ஹால்சி ரிக்கார்டோ வடிவமைத்து 1905இல் திறக்கப்பட்ட ஹௌரா நிலையத்தின் செங்கல் வேலையை ஒரு மணி நேரம் சுற்றி வரலாம். புணேயில் இருப்பவர்கள் கோத்ரூடில் 1998இல் தொடங்கிய ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளோடு பார்க்கலாம், எச்.ஓ. அளவில் ஒரு நகரமே ஓடிக்கொண்டிருக்கும்.

கட்டடத்தைப் பூங்காவில் வைக்கும்போது தரைமேல் வைக்காமல், மண்ணில் 2 மி.மீ. புதைத்து வையுங்கள். அடியில் ஒளிக்கீற்று தெரிந்தால் இத்தனை வேலையும் வீண். நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குவது நல்லது. இன்னொரு எச்சரிக்கை: சன்போர்டு சூட்டில் இளகி வளையும். குத்துவிளக்கிலிருந்தும், கொலுவுக்குப் போடும் பழைய குண்டு பல்புகளிலிருந்தும் இரண்டு முழம் தள்ளியே இருக்கட்டும் கேபின்.